கராம்பு அறையில் கிடந்த கட்டில்

"அந்த மிஸ்ஸிய இனி அனுப்ப வேணாம். வேற யாரையும் அனுப்பவும் வேணாம்."

ஒரு நாள் காலை எட்டரை மணிக்கு எங்கள் அலுவலகத் தொலைபேசியில் வந்த செய்தி இது. அந்த மிஸ்ஸி நான்தான். ஆஸ்பத்திரி வாட்டுகளில் இருபத்தாறு வருடம் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். பிறகு மாத்தளையில் ஒரு தொண்டு அமைப்பின் வீட்டுப் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்தேன். குணமாக்க முடியாத நோயாளிகளை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்ப்பது எங்கள் வேலை. கட்டு மாற்றுவோம், மோர்பின் அளவு பார்ப்போம், மலச்சிக்கலுக்கு வழி செய்வோம், படுக்கைப்புண் வராமல் எப்படிப் புரட்டிப் போடுவது என்று வீட்டாருக்குக் காட்டுவோம். இதில் புனிதம் ஒன்றும் இல்லை. "நீங்க தெய்வம் மாதிரி" என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். தெய்வத்துக்கு இடுப்பு வலி வராது.

புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். நான் ஒழுங்காகச் செய்த வேலைகள் நிறைய இருக்கின்றன. அவற்றை என்னோடு வந்து பார்த்துக்கொள்ளலாம். இங்கே நான் கெடுத்த ஒன்றை எழுதுகிறேன்.

1. வேன் சந்தியில் நிற்கட்டும்

எங்கள் வேனில் அமைப்பின் பெயர் மூன்று மொழியிலும் இருக்கிறது. அதில் புற்றுநோய் என்ற சொல் எல்லாவற்றையும் விடப் பெரிது. அப்படி எழுதச் சொன்னவர்கள் கமிட்டி ஐயாமார். அவர்களில் ஒருவராவது அந்த வேனைத் தன் வீட்டு வாசலில் ஐந்து நிமிடம் நிற்க விடுவாரா என்று கேட்டேன். கூட்டத்தில் அடுத்த விஷயத்துக்குப் போனார்கள்.

சேர்ந்த முதல் கிழமை, இரத்தோட்டைப் பக்கம் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் ஒரு லயத்துக்கு முன்னாலேயே வேனை நிறுத்தினோம். மருந்துப் பெட்டியை இறக்குவதற்குள் லயம் முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. அடுத்த முறை போனபோது பக்கத்துக் காம்பராக்காரர்கள் அந்த வீட்டில் தேத்தண்ணி குடிப்பதை நிறுத்தியிருந்தார்கள்.

அன்று நான் ஒரு சட்டம் போட்டேன். வேன் சந்தியில் நிற்கும். பெட்டி வேண்டாம், சந்தைக்குக் கொண்டுபோகும் பையில் சாமான்களைப் போட்டுக்கொண்டு நடந்து போவோம். பார்க்கிறவர்கள் உறவுக்காரி வருகிறாள் என்று நினைக்க வேண்டும். எங்கள் டிரைவர் பந்துல முதலில் முணுமுணுத்தார், பிறகு பழகிக்கொண்டார். நோயாளியின் நோயை ஊருக்குச் சொல்லும் உரிமை எங்களுக்கு இல்லை. இந்தச் சட்டத்தைப் பற்றி எனக்குப் பெருமை இருந்தது. அதை ஞாபகம் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

2. சாக்குகளுக்கு நடுவில்

யட்டவத்தைக்குப் போகும் வழியில் ஓர் ஒழுங்கை, ஒடுங்கிய சந்து. அதில்தான் ஹனீபாவின் வீடு. அண்ணன் என்ற பொருளில் எல்லோரும் அவரை நானா என்பார்கள். கராம்பு, மிளகு, சாதிக்காய் வாங்கி விற்பவர். மனைவி நஸீராவுக்கு மார்புப் புற்றுநோய். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு இரத்தம் கொதிக்கும். புண்ணைக் கழுவலாம். வலியைக் குறைக்கலாம். நாற்றத்தைப் போக்கலாம். இவை எல்லாம் ஒன்றுமில்லையா?

வீட்டுக்குள் போனேன். படுக்கையறையில் பெரிய கட்டில் விரித்தபடி வெறுமையாக இருந்தது. நானா என்னைக் குசினி வழியாகப் பின்பக்கம் கூட்டிப் போனார். முற்றத்தைத் தாண்டிச் சாமான் அறை. கதவைத் திறந்ததும் கராம்பு வாசம் முகத்தில் அடித்தது. அதற்குப் பின்னாலேயே மற்றது வந்தது. இருபுறமும் கூரை வரை சாக்குகள். நடுவில் ஓர் ஒற்றைக் கட்டிலில் நஸீரா கிடந்தார். யன்னல் கிடையாது.

கட்டைப் பிரிக்கும்போது நோயாளி புண்ணைப் பார்ப்பதில்லை. உங்கள் மூக்கைப் பார்ப்பார். வாயால் மூச்சு விடுங்கள். மூக்குக்குக் கீழே தைலம் பூசிக்கொண்டு போகாதீர்கள், மினுங்குவது தெரியும். வேறு ஏதாவது கேட்டுக்கொண்டே இருங்கள். நான் கராம்பு எத்தனை நாள் காய வேண்டும் என்று கேட்டேன். நஸீரா இமைக்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, வெயிலைப் பொறுத்தது என்றார்.

மோர்பின் கொடுத்து அரை மணி நேரம் பொறுத்திருந்தேன். பிறகு சேலைன் ஊற்றி ஊறவிட்டு, இரத்தம் கசியாமல் கட்டை எடுத்தேன். எங்கள் டொக்டர் எழுதித் தந்த மெட்ரோனிடசோல் மாத்திரையைத் தூளாக்கிப் புண்ணின்மேல் தூவினேன். நாற்றத்தை உண்டாக்கும் கிருமியை அது கொல்லும். நாள் தவறாமல் போட்டால் ஒரு கிழமைக்குள் வித்தியாசம் தெரியும். மேலே கோஸ் வைத்து, கசிவை உறிஞ்ச ஒரு பேட் வைத்துக் கட்டினேன். இரண்டு நாளுக்கான தூளைப் பொட்டலம் கட்டி வைத்துவிட்டு, மூன்றாம் நாள் வருவதாகச் சொன்னேன்.

ஒன்று சொல்ல வேண்டும். நான் பிரித்த பழைய கட்டு ஒழுங்காக இருந்தது. அவித்துக் காயப்போட்ட வெள்ளைத் துணி, நான்காக மடித்து, கூடுதலாக இறுகாமல், நழுவாமல். இதைக் கண்ணால் பார்த்தும் யார் கட்டியது என்று நான் கேட்கவில்லை. இந்த இடத்தில் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

3. முற்றத்தில் நான் போட்ட சத்தம்

வெளியே வந்ததும் நானாவை நிறுத்தினேன். வாட்டில் இருபத்தாறு வருடம் கத்தியவளுக்கு மெல்லப் பேச வராது.

"நானா, ஒங்க கராம்புக்குக் குடுக்கிற மரியாத இந்த மனுசிக்கு இல்லையா? சாமானோட சாமானா போட்டு வச்சிருக்கீங்க. உள்ள அவ்வளவு பெரிய கட்டில் சும்மா கெடக்குது."

அவர் நிலத்தைப் பார்த்தார். "குத்தம்தான் மிஸ்ஸி. நான்தான் போட்டேன்."

ஒப்புக்கொண்ட பிறகும் நான் விடவில்லை. புண் நாறினால் மனைவி மனைவி இல்லையா, உங்களுக்கு வந்தால் இப்படித்தான் போடுவார்களா என்று இன்னும் கொஞ்சம் கொடுத்தேன். குசினி வாசலில் அவர்களின் மூத்த மகள் ரிஸ்மியா நின்றிருந்தாள், வயிற்றில் ஐந்து மாதப் பிள்ளையோடு. முகம் வெளுத்திருந்தது. தகப்பனை நினைத்து வெட்கப்படுகிறாள் என்று நானாகவே முடிவு செய்தேன்.

ஒழுங்கையில் இரண்டு வீட்டு வேலிக்கு மேலாகத் தலைகள் தெரிந்தன. நான் திருப்தியாகச் சந்திக்கு நடந்தேன். பந்துல வேனின் கதவைத் திறந்துவிட்டுத் தன் சிங்களத் தமிழில் சொன்னார்:

"மிஸ்ஸிட சத்தம் சந்திக்கே கேட்டது. நான் வேன் ஒளிச்சி என்ன பலன்?"

வேலையைப் பாருங்கள் என்று அவரையும் திட்டினேன். மறுநாள் காலையில்தான் அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியது ரிஸ்மியா.

எங்கள் அலுவலகப் பொறுப்பாளர் இரண்டு முறை திரும்ப எடுத்துப் பார்த்தார். அந்தப் பக்கம் எடுக்கவில்லை. குற்றம் செய்தவனுக்கு ரோசம் வந்துவிட்டது என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒன்பது நாள் ஓடியது. ஒவ்வொரு நாளும் அந்தப் புண் கண்ணுக்குள் வந்தது. என்னிடம் அலுமாரி நிறைய மாத்திரை இருந்தது. அங்கே இரண்டு நாள் தூள்தான் இருந்தது.

4. வெறும் பொட்டலக் காகிதம்

பத்தாம் நாள் ஹனீபா நானா அலுவலகத்துக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் விரித்தார். நான் தூள் கட்டிக் கொடுத்த காகிதம். வழித்து எடுத்திருந்தார், ஒரு பொட்டுக் கூட இல்லை.

"இந்தத் தூள மட்டும் தாங்க மிஸ்ஸி. போட்ட ரெண்டு நாளும் மணம் கொறஞ்சிச்சி. கட்டுறத்த நான் கட்டிக்கிறேன்."

நீங்கள் எப்படிக் கட்டுவீர்கள் என்று கேட்டேன்.

"நாலு மாசமா நான்தானே கட்டுறேன்."

கதிரையை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னேன். கேட்க வேண்டியதை அப்போதுதான் கேட்டேன். அவர் சொன்னார்.

அவர்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைப் பகல் சாப்பாடு சஹனில். ஒரு பெரிய தட்டில் சோற்றைப் போட்டு எல்லோரும் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, தாய்க்குப் பக்கத்தில் இருந்த ரிஸ்மியா பாதியில் எழுந்து ஓடி முற்றத்தில் சத்தி எடுத்தாள். அவளுக்கு மசக்கை. தாய் அதை நம்பவில்லை. தன் புண்ணின் மணம்தான் பிள்ளையின் குடலைப் பிரட்டியது என்று கையைக் கழுவிக்கொண்டு எழுந்தவர், நேரே சாமான் அறைக்குப் போனார். கராம்பு தன் மணத்தை மூடும் என்று நினைத்தார். பிறகு யார் கூப்பிட்டும் வீட்டுக்குள் வரவில்லை.

"அப்ப ஏன் நீங்க போட்டதா சொன்னீங்க?" என்றேன்.

"ஊருக்குத் தெரிஞ்சா புள்ளக்கித்தானே பேச்சு. உம்மாவ அருவருத்து வெரட்டினாண்டு சொல்லுவாங்க. வயித்துல புள்ளயோட அத எப்படித் தாங்குற? நான் யாவாரி மிஸ்ஸி. பேச்சு வாங்கிப் பழக்கம்."

நான் முற்றத்தில் கத்தியதில் ஒரு சொல்லும் அவர் மேல் படவில்லை. குசினி வாசலில் நின்ற ரிஸ்மியா மேல் பட்டது. கதவுக்குப் பின்னால் கிடந்த நஸீரா மேல் பட்டது. மிச்சத்தை ஒழுங்கை கேட்டுக்கொண்டது. புண் நாறுவதையும் நான்தான் அந்த ஒழுங்கைக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

5. இடது பக்கம்

அன்றே அவரோடு போனேன். வேன் சந்தியில்தான் நின்றது. திட்டியது தெருவுக்குக் கேட்டிருந்தால் மன்னிப்பும் தெருவுக்குக் கேட்க வேண்டும். முற்றத்தில் நின்று அதே குரலில் சொன்னேன்: "நானா, பிழை என்னோடது. விசாரிக்காமப் பேசிட்டேன். ஒங்கள மாதிரி பொஞ்சாதியப் பாக்குற மனுசன நான் கண்டதில்ல."

"போதும் மிஸ்ஸி," என்றார் நானா. "ஏசினத்த விட இது வெக்கமா இரிக்கி."

உள்ளே போய் ரிஸ்மியாவிடமும் சொன்னேன். அவள் சேலைன் போத்தலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

அதன் பிறகு தினமும் தூள் போட்டோம். ஒரு நாள் நான், ஒரு நாள் நானா. கராம்பைத் தரம் பிரிக்கிற கை அது. என் கையை விடப் பொறுமையானது. ஆறாம் நாள் கட்டைப் பிரித்தபோது கராம்பு மட்டும்தான் மணத்தது. வீட்டுக்குள் போகலாம் என்றேன்.

நஸீரா அசையவில்லை. "நீங்க மொத நாளும் இதே மொகத்தோடதான் இருந்தீங்க. ஒங்கள எப்படி நம்புற?"

நியாயம்தான். பொய் சொல்லும் முகத்தை வைத்திருப்பது எங்கள் தொழில்.

நான் என்ன செய்தால் நம்புவீர்கள் என்று கேட்டேன்.

"நாளக்கி வெள்ளிக்கிழம. சஹன்ல என்ட எடப்பக்கம் குந்தித் தின்னுங்க பாப்பம்."

புண் இடது பக்கத்தில்.

நோயாளி வீட்டில் சாப்பிடக் கூடாது என்று எங்களுக்கு விதி உண்டு. நல்ல விதி. மற்ற நாட்களில் நீங்களும் கடைப்பிடியுங்கள்.

மறுநாள் காலையில் கட்டு மாற்றினேன். நானா ஒரு கையையும் நான் ஒரு கையையும் பிடித்து, இரண்டு மாதத்துக்குப் பிறகு நஸீராவை முற்றத்தைத் தாண்டிக் கூட்டி வந்தோம். வழியில் இரண்டு தரம் நின்றார். முன் அறையில் பாய் விரித்து, எனக்காகக் கோழி சமைத்துச் சஹன் வைத்திருந்தார்கள். நஸீரா, இளைய மகள், ரிஸ்மியா, நான். நானா கை கழுவத் தண்ணீர் ஊற்றிவிட்டு கதவு நிலையில் சாய்ந்து நின்றார்.

நான் இடது பக்கம் உட்கார்ந்தேன். நஸீரா சோற்றில் கை வைக்கவில்லை. என் வாயையே பார்த்தார். ஒரு பிடி, இரண்டு பிடி தின்றேன். எனக்கு எதிரே ரிஸ்மியாவும் சும்மா இருந்தாள். மூன்றாவது பிடியை நான் அள்ளும்போது அவள் எழுந்தாள். நஸீராவின் முகம் சுருங்கியது. நானா நிலையை விட்டு நிமிர்ந்தார். மறுபடியும் முற்றத்துக்குத்தான் ஓடப் போகிறாள் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

அவள் பெரிய வயிற்றைத் தூக்கிக்கொண்டு சஹனைச் சுற்றி என் பக்கம் வந்தாள்.

"தள்ளுங்க மிஸ்ஸி. இது என்ட எடம்."

நான் தள்ளினேன். தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து, தாயின் பக்கத்துச் சோற்றிலிருந்தே அள்ளித் தின்றாள். கோழிக்கு உப்புக் குறைவு என்றாள். நஸீரா, "நான் இல்லாட்டி இந்த வீட்டுல உப்பையும் மறந்துருவீங்க," என்று சொல்லிவிட்டுச் சோற்றில் கை வைத்தார்.

அன்று இரவு முதல் நஸீரா உள்ளே இருந்த பெரிய கட்டிலில் படுத்தார். இன்னும் ஐந்து வெள்ளிக்கிழமை சஹனில் இருந்தார். ஆறாவதுக்கு முன் போய்விட்டார். ரிஸ்மியாவின் பிள்ளையை அவர் காணவில்லை. அதை என்னால் மாற்ற முடியாது. ஒன்பது நாளை வீணாக்காமல் இருந்திருக்க முடியும். அது என் கணக்கில்தான் இருக்கிறது.

கோபப்படுவதை நான் விடவில்லை. மோர்பின் இல்லை என்று கையை விரிக்கும் இடங்களில் அது வேண்டும். வீடுகளுக்குப் போகும் உங்களுக்குச் சொல்வது இதுதான். உள்ளே போனதும், கட்டைப் பிரிப்பதற்கு முன், இதுவரை யார் கட்டியது என்று கேளுங்கள். அவர் வந்து நிற்கும்வரை காத்திருங்கள். அவர் கையைப் பாருங்கள். திட்ட வேண்டும் என்று அதற்குப் பிறகும் தோன்றினால் திட்டிக்கொள்ளலாம்.