மாலை போட்ட குளிர் லொறி

எஹலியகொடவிலிருந்து கிளம்பும்போது எண் மைனஸ் பதினெட்டில் இருந்தது. குருவிட்டவைத் தாண்டும்போது மைனஸ் பதினாறு. லொறியின் முன்கண்ணாடிக்கு மேலே ஒரு சின்னப் பெட்டியில் சிவப்பாகத் தெரியும் அந்த எண்தான் பின்னால் பெட்டிக்குள் எவ்வளவு குளிர் இருக்கிறது என்று சொல்லும். உறைந்த கோழி ஏற்றிப் போகிறவனுக்கு ரோட்டைப் பார்க்க ஒரு கண், அந்த எண்ணைப் பார்க்க ஒரு கண்.

தொண்ணூறுகளின் கடைசியில், சண்டை நடந்துகொண்டிருந்த காலம். நான் அப்போது இரத்தினபுரி கடைவீதியில் ஒரு தமிழ் முதலாளியிடம் டிரைவராக இருந்தேன். அதற்கு முன் நிவித்திகல பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டினேன். லைசன்ஸ் எடுத்துத் தோட்டத்தை விட்டு வெளியே வந்தவன் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் நான்தான். முதலாளி ஜப்பானில் ஓடித் தேய்ந்த ஒரு குளிர் லொறியை வாங்கியிருந்தார். எஹலியகொடவில் கோழி உரிக்கும் கம்பெனி ஒன்றிலிருந்து பலாங்கொடையில் இருந்த குளிர் அறைக்கு வாரத்தில் இரண்டு மூன்று ஓட்டம். எங்களுக்கு இருந்த ஒரே ஓட்டம் அதுதான்.

அந்த ஓட்டமும் ஆட்டம் கண்டிருந்தது. முந்தின மாதம் கதவு ரப்பர் கிழிந்து குளிர் கசிந்துபோய், ஒரு லோடு முழுக்கத் திரும்பி வந்துவிட்டது. இன்னொரு தடவை திரும்பினால் வேறு லொறி பார்த்துக்கொள்வோம் என்று கம்பெனிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். வேறு லொறி வந்தால் எனக்கு மறுபடி பால் கத்திதான். அதனால்தான் அன்றைக்கு முதலாளியே என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து வந்தார்.

அன்றைக்கு ஆயுத பூசைக்கு மறுநாள். முதல் நாள் மாலை கடை வாசலில் லொறியைக் கழுவி நிறுத்தி, முதலாளியும் அவருடைய சம்சாரமும் விமரிசையாகப் பூசை செய்தார்கள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், நெற்றிக்குப் பொட்டு, பூசணிக்காய் உடைப்பு. கேபினுக்கு மேலே பெட்டியின் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்த குளிர் மெசினைப் பார்த்து அந்த அம்மா, "இதுதானேங்க நமக்குச் சோறு போடுது" என்று சொன்னார். உடனே முதலாளி ஏணி வைத்து ஏறினார். மெசினின் முன்வலை முழுக்கச் சந்தனமும் மஞ்சளும் குழைத்து அப்பினார். அதன் மேல் ஒரு மஞ்சள் துணியைக் கட்டி, கோவிலில் வாங்கிய தடித்த செவ்வந்தி மாலையை மூன்று சுற்றாகப் போட்டார்.

அந்த மெசின் பெட்டிக்குள் இருக்கும் சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிறது. தள்ளுவதற்கு அந்த முன்வலை வழியாகக் காற்று போக வேண்டும். வலைக்குப் பின்னால் காகிதம் மாதிரி மெல்லிய தகடுகள் வரிசையாக இருக்கும். வாரா வாரம் நான் அவற்றைத் தண்ணீர் அடித்துக் கழுவுவேன், ஒரு வாழைச்சருகு ஒட்டினாலும் எடுத்துவிடுவேன். அப்படிப்பட்ட இடத்தில்தான் துணியும் மாலையும் சந்தனமும். பூசையன்று ஒன்றும் தோன்றவில்லை. எங்கள் ஊரில் பஸ்ஸுக்கும் ட்ரக்டருக்கும் மாலை போடுகிறோம், அவை ஓடத்தானே செய்கின்றன.

குருவிட்ட தாண்டி ஒரு மேட்டில் ஏறும்போது தலைக்கு மேலே இருந்த சத்தம் சட்டென்று நின்றது. மெசின் தானாக அணைந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் திரும்ப ஓடியது. மறுபடி நின்றது. எண் மைனஸ் பதினான்கு.

எனக்கு யாரிடமும் முகத்துக்கு நேரே பேச வராது. அதிலும் முதலாளியிடம். எண்ணைக் காட்டி, "முதலாளி, மெசினுக்கு மூச்சு முட்டுதுங்க" என்றேன்.

"என்னா முட்டுது?"

"மாலைங்க. அந்தத் துணியும். காத்துப் போக வழியில்ல. சூடேறி அணைஞ்சி போவுது."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "சாமி மாலையால மெசின் நிக்குதா? நல்லாருக்கு தம்பி நீ பேசுறது. நேத்துக் கட்டுனது, வாசம்கூட போவல."

"கழட்டிட்டுப் போவோங்க. போய்ச் சேந்ததும் திரும்பக் கட்டிருவோம்."

"பூசை வச்சி மொத ஓட்டம் இது. ஓட்டம் முடியுறதுக்கு முன்னாடி மாலையக் கழட்டுனா வண்டி மூளியாப் போயிரும்டா. வாய மூடிக்கிட்டு ஓட்டு."

நான் வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன். வெயில் நேரே கண்ணாடியில் அடித்தது. மெசின் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. நிற்கும் ஒவ்வொரு தடவையும் முதலாளி பேச்சை நிறுத்திக்கொண்டு கூரையைப் பார்த்தார். எண் பதின்மூன்றுக்கு வந்தது. பலாங்கொடையில் மைனஸ் பன்னிரண்டுக்கு மேலே ஏறிய சரக்கை எடுக்க மாட்டார்கள் என்று இருவருக்கும் தெரியும்.

இரத்தினபுரிக்குள் நுழையும் இடத்தில் சோதனைச் சாவடி. எங்களுக்கு முன்னால் ஒரு பஸ்ஸை இறக்கி ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிற்கும் லொறிகள் எல்லாம் எஞ்சினை அணைக்க வேண்டும், மேலே இருக்கும் மெசினையும் சேர்த்து. அணைத்தேன். அந்த அமைதியில் முதலாளி முணுமுணுக்கும் மந்திரம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

எங்கள் முறை வந்தது. இளம் சிப்பாய் ஒருவன் அடையாள அட்டைகளை வாங்கிப் பெயர்களைப் பார்த்தான். பிறகு லொறியின் நெற்றியைப் பார்த்தான்.

"என்ன, லொறிக்குக் கல்யாணமா?" என்று சிங்களத்தில் கேட்டான்.

"ஆமா மஹத்தயா, பொண்ணு பலாங்கொடையில இருக்கு" என்று முதலாளியும் சிங்களத்திலேயே சொல்லிப் பெரிதாகச் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை. மாலைக்குப் பின்னால் துணி கட்டியிருப்பது அவன் கண்ணில் பட்டுவிட்டது. அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டான். மெசின் என்றேன். எதற்கு மறைத்திருக்கிறீர்கள் என்றான். என்ன சொல்வது? சாமிக்குக் கட்டியது என்றேன். அவன் இன்னொருவனைக் கூப்பிட்டான்.

வந்தவன் பம்பரில் ஏறித் துணியைத் தடவிப் பார்த்துவிட்டுப் பின்கதவைத் திறக்கச் சொன்னான். திறந்ததும் வெள்ளைப் புகை மாதிரிக் குளிர் வெளியே கொட்டியது. அது தரையில் பரவிக் கரைந்தது. பெட்டிகளை ஒன்று ஒன்றாக இழுத்துப் பார்த்தார்கள். அவர்கள் வேலையை அவர்கள் செய்தார்கள். ஆனால் கதவு முழுக்கத் திறந்து கிடந்தது. ஒரு பக்கத்தையாவது சாத்தட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். சத்தம் வரவில்லை. முதலாளிதான் அவனைச் சிங்களத்தில் தம்பி என்று கூப்பிட்டு, "மல்லி, கோழி கெட்டுப் போவும், ஒரு கதவ மூடட்டுமா?" என்று கெஞ்சினார். அந்த இளைஞன் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தானே ஒரு கதவைத் தள்ளிச் சாத்தினான்.

போகலாம் என்று அவர்கள் கையைக் காட்டியதும் எஞ்சினைப் போட்டேன். மெசினைப் போட்டேன். அது இரண்டு முறை முக்கிவிட்டு அணைந்துபோனது. திரும்பப் போட்டேன். எழவில்லை.

எண் மைனஸ் பதினொன்று.

"ஓட்டு, ஓட்டு. காத்துப் பட்டா ஆறிரும்" என்றார் முதலாளி.

"காத்து எங்கேருந்துங்க படும், துணி கட்டிக் கெடக்கு!" என்று கத்திவிட்டேன். வாழ்க்கையில் முதலாளி ஒருவரிடம் நான் குரல் உயர்த்தியது அந்த ஒரு தடவைதான். டவுனைக் கடந்து, பெல்மடுல்லைக்குப் போகும் ரோட்டில் கொஞ்ச தூரம் போன பிறகுதான் முதலாளி, "அங்க ஒரு பீலி இருக்கு. நிறுத்து" என்றார்.

மலையிலிருந்து ஊற்றுத் தண்ணீர் குழாய் வழியாக ரோட்டோரம் கொட்டும் இடம் அது. நான் மேலே ஏறப் போனேன். அவர் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"நீ தொடாத. கட்டுனவன்தான் அவுக்கணும். பாவம் வந்தா எனக்கே வரட்டும்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, பம்பரில் கால் வைத்து ஏறினார். கனத்த உடம்பு. கேபின் கூரை அவர் காலடியில் டப்பென்று அமுங்கியது. அந்தப் பக்கமாக வந்த பஸ்ஸிலிருந்து யாரோ சீட்டி அடித்தார்கள். அவர் கண்ணை மூடி ஏதோ சொல்லிக்கொண்டே மாலையை ஒவ்வொரு சுற்றாக எடுத்தார். கீழே போட மனமில்லாமல் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டார். துணியை உருவினார். உருவியதும் அவர் முகம் மாறியது.

"தம்பி, உள்ளுக்கெல்லாம் சந்தனம் காஞ்சி ஒட்டிக் கெடக்கு."

"தேய்க்காதீங்க முதலாளி! தகடு மடிஞ்சிரும். தண்ணிய மட்டும் ஊத்துங்க."

எண்ணெய் வாளியைக் கழுவி, பீலியில் பிடித்துப் பிடித்து மேலே நீட்டினேன். அவர் ஊற்றினார். மஞ்சள் தண்ணீர் கண்ணாடி வழியாக வழிந்தது. சந்தனம் சுலபத்தில் விடவில்லை. ஒரு தென்னங்குச்சியை எடுத்து, தகடு படாமல் இடுக்கு இடுக்காக அவர் கீறக் கீற நான் தண்ணீர் கொடுத்தேன். கை வேலையில் இருந்தாலும் மனம் பெட்டிக்குள் இருக்கும் கோழியிடம் இருந்தது. ஒவ்வொரு வாளியும் நேரம்தான்.

"போட்டுப் பாரு" என்று மேலே இருந்தபடியே சொன்னார்.

போட்டேன். முக்கியது. நடுங்கியது. பிறகு பிடித்துக்கொண்டது. சூடான காற்று நேரே அவர் முகத்தில் அடித்தது. "அம்மாடி! அடுப்பு மாதிரி வருதுடா" என்று கத்திக்கொண்டு இறங்கினார்.

அதற்குப் பிறகு மெசின் நிற்கவில்லை. எண் மட்டும் இறங்க மறுத்தது. பெல்மடுல்லை தாண்டியும் பதினொன்று. ஓப்பநாயக்கவின் வளைவுகளில் லொறியைப் பார்த்துப் பார்த்து ஓட்டினேன், வேகம் போகவும் பயம், மெதுவாகப் போகவும் பயம். கழுத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்த முதலாளி எண்ணைப் பார்க்காமலிருக்க வெளியே தேயிலையைப் பார்த்துக்கொண்டு வந்தார். "இப்ப எத்தன?" என்று மட்டும் அடிக்கடி கேட்டார். பலாங்கொடை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அது மைனஸ் பன்னிரண்டுக்கு இறங்கியது.

குளிர் அறையில் சரக்கை எடுப்பவர் ஒரு சிங்களப் பெண். எல்லோரும் மிஸ் என்று கூப்பிடுவோம். ஊசி மாதிரி ஒரு வெப்பமானியை அவர் கோட்டுப் பையில் வைத்திருப்பார். எங்கள் எண்ணை அவர் நம்புவதில்லை. கதவோரத்துப் பெட்டிகளுக்கு நடுவே அதைச் செருகினார். பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இன்னும் உள்ளே ஏறி, நடுவிலும் கடைசியிலும் செருகினார். நாங்கள் இருவரும் கீழே நின்று அவருடைய முதுகையே பார்த்தோம்.

"உள்ள இருக்கிறது சரி. கதவுப் பக்கத்துது எல்லையில நிக்குது" என்று சிங்களத்தில் சொன்னார். "ஆள்கள் சாப்பிடப் போயிட்டாங்க. அவங்க வர்ற வரைக்கும் நின்னா இது ஏறிரும். ஏறினா எடுக்க மாட்டேன், முழு லோடும் திரும்பும்."

முதலாளி என்னைப் பார்த்தார். பிறகு மாலையைக் கழற்றிக் கேபினுக்குள் வைத்துவிட்டு, கதவோரத்துப் பெட்டி ஒன்றைத் தூக்கித் தோளில் வைத்தார். நவராத்திரி முழுவதும் கவுச்சி வாடையே ஆகாதென்று கடைக்குப் பின்னால் லொறி நிற்கும் பக்கமே போகாமல் இருந்தவர். பெட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்த பனி கரைந்து அவர் வெள்ளைச் சட்டையில் இளஞ்சிவப்பாக வழிந்தது.

"என்னா பாக்குற? இழுத்துக் குடு!"

நான் மேலே நின்று இழுத்துக் கொடுத்தேன், அவர் ஓடி ஓடிச் சுமந்தார். ஒவ்வொரு தடவையும் நான் ஒரு கதவைச் சாத்தித் திறந்தேன். அவருக்கு மூச்சு இரைத்தது, ஒரு முறை வாசற்படியில் முழங்கால் இடித்துக்கொண்டார். கதவோரத்துப் பெட்டிகளில் கடைசியையும் உள்ளே வைத்தபோது மிஸ் மறுபடி வந்து அதில் ஊசியைச் செருகினார். அவர் கண் வெப்பமானியின் சின்ன வட்டத்தில் நின்ற நேரம் எனக்கு மிக நீளமாக இருந்தது.

"ஹரி" என்றார், சிங்களத்தில் சரி என்று. "அடுத்த முறை இப்படி வந்தா கதவையே திறக்க மாட்டேன்."

சாப்பிட்டுவிட்டு வந்த ஆட்கள் மிச்சப் பெட்டிகளை இறக்கினார்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு லொறியைக் கேட்டுக்கு வெளியே எடுத்தேன். கொஞ்ச தூரத்தில் ஓரம் கட்டினேன். காலிப் பெட்டிக்கு இனிக் குளிர் வேண்டாம் என்று மெசினை அணைத்தேன். முதலாளி இடித்த முழங்காலைத் தடவிக்கொண்டே, கேபினில் கிடந்த மாலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.