கைக்கு எட்டாத ஒரு சாண்

என் மனைவியின் தம்பி லிப்ட் பழுது பார்ப்பவர். வயது ஐம்பத்து மூன்று. தெருவில் அவரை ஈசிசேர் என்றுதான் கூப்பிடுவார்கள். காரணம் அவருடைய சைக்கிள். சாய்வு நாற்காலியில் படுத்தபடி காலை முன்னால் நீட்டி மிதிக்கிற வண்டி அது. பார்ப்பவர்களுக்குச் சுகவாசி ஒருவர் ஊர்வலம் போவது போலத் தெரியும். ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு மோட்டாரைத் தனியாகத் தூக்கப்போய் முதுகெலும்பின் தட்டு விலகியது. அதன்பின் நிமிர்ந்து அரை மணி நேரம் உட்கார்ந்தால் இடது கால் மரத்துவிடும். இந்தச் சாய்வு வண்டி ஒன்றுதான் அவருக்கு ஒத்துவந்தது.

வண்டியில் பொருள் வைக்க மூன்று இடங்கள். இருக்கையின் இரு பக்கமும் தொங்கும் இரண்டு பைகள், முதுகுக்குப் பின்னால் சின்னச் சக்கரத்தின் மேல் ஒரு பெட்டி. ஓட்டும்போது கையைத் தொங்கவிட்டால் பக்கத்துப் பைகள் எட்டும். பெட்டி முதுகிலிருந்து ஒரு சாண்தான். ஆனால் ஓட்டுகிறவனுக்கு அது அடுத்த ஊர் மாதிரி.

வலது பையில் வேலைச் சாமான்கள், ஆறு கிலோ. இடது பையில் தண்ணீரும் கம்பெனி போனும் கிரீஸ் துணியும்; அதற்கு மேல் ஒரு வாழைப்பழம்கூட நுழையாது. சாப்பாடு பின்பெட்டியில். ஒரு நாளைக்குப் பதினேழு கட்டடம். உட்கார்ந்தபடியே சாமான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தால் குனிய வேண்டியதில்லை. முழங்கால் உயரப் பெட்டியிலிருந்து எடுப்பதென்றால் பதினேழு தடவை குனிய வேண்டும். அவர் தன் நாளைக் குனிதல்களால் அளந்தார். சாப்பாட்டுக்காக ஒரே ஒரு தடவை குனிவார்.

இதை என் மனைவி ஒப்புக்கொண்டதே இல்லை.

"சக்கரை இருக்கற ஒடம்பு. ஸ்பேனரப் பக்கத்துல வெச்சுக்கிட்டு சோத்தப் பின்னால வெக்கறியே, எந்த ஊர் நியாயம்டா?"

"ஸ்பேனர் பதினேழு எடத்துல வேணும்க்கா. சோறு ஒரு எடத்துலதானே?"

போன வருடம் மழையில் சறுக்கி விழுந்தார். கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது: இன்னொரு முறை சாலையில் விழுந்தால் பட்டறைக்கு மாற்றம். பட்டறை என்றால் எட்டு மணி நேரம் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து வேலை. அவரால் அது ஒரு வாரம்கூட ஆகாது. அந்தக் கடிதம் நடைமுறையில் வீட்டுக்குப் போ என்பதுதான்.

சென்ற மாதம் பன்னிரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை. பன்னிரண்டரைக்கு வழக்கம்போலச் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டார். உடனே சாப்பிட்டிருக்க வேண்டும். லிப்ட் கதவு ஒன்று மூடாமல் மல்லுக்கட்டியதில் மணி ஒன்றே முக்கால் ஆகிவிட்டது. பெட்டியைத் திறக்கப் போகையில் போன் அடித்தது. மேட்டிலிருக்கும் முதியோர் விடுதி லிப்டில் இரண்டு பாட்டிகள் மாட்டிக்கொண்டார்கள். அப்படியே கிளம்பிவிட்டார்.

விடுதி ஏற்றம் ஆயிரத்து நூற்றைம்பது மீட்டர். எழுந்து நின்று மிதிக்க முடியாத வண்டி அது. நடுவில் காலை ஊன்றினால் மறுபடி கிளம்புவதற்குள் பின்னால் உருளும். இறங்கித் தள்ளவும் முதுகு இடம் கொடுக்காது. எனவே ஏற்றத்தில் அவர் நிற்பதே இல்லை. பாதியில் காதோரம் வியர்த்தது, உதடு மரத்தது. சர்க்கரை இறங்குகிறது என்று அவருக்குத் தெரியும். ரொட்டியும் முட்டையும் வாழைப்பழமும் ஒரு சாண் தூரத்தில் இருப்பதும் தெரியும். வலது கையைத் தோளுக்கு மேலே கொண்டுபோய்ப் பின்னால் துழாவியிருக்கிறார். விரல்நுனி பெட்டி மூடியைத் தொட்டது. அப்போது வண்டி சாய்ந்தது. மணி இரண்டு ஆறு.

மெக்கானிக்கை எதிர்பார்த்துக் கேட்டில் நின்றிருந்த விடுதிக் காவலாளி பார்த்துவிட்டு ஓடி வந்தார். பெட்டியைத் திறந்து வாழைப்பழத்தை வாயில் திணித்தார்.

"மெல்லுங்க சார். முழிச்சுப் பாத்தா பத்தாது, மெல்லணும்."

பத்து நிமிடத்தில் பேச்சு வந்தது. எழுந்திருக்கப் பார்த்தவரைக் காவலாளி விடவில்லை.

"ஒக்காந்தே வாங்க, நான் தள்ளிட்டு வரேன். பாக்கறவங்க விடுதியில சேர வந்த புது ஆள்னு நெனச்சுக்கட்டும்."

லிப்ட் திறந்தது இரண்டு நாற்பத்தொன்பதுக்கு.

அவருடைய பணித்தாளை எழுதித் தருவது நான். அவர் எழுதினால் எழுத்தைவிடக் கிரீஸ்தான் அதிகம் இருக்கும். அன்று மாலை தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.

"பஞ்சர்னு போடுங்க அத்தான்."

நான் பேனாவை மூடினேன். அவர் வாசலில் நின்ற வண்டியின் சக்கரத்தைப் பார்த்தார்.

"பஞ்சர்னா டியூபக் காட்டச் சொல்லுவாங்க. அதுக்கு வேற ஓட்ட போடணும். எனக்குத் தெம்பில்ல. நடந்தத எழுதுங்க. பட்டறைக்கு அனுப்பறவங்க அனுப்பட்டும்."

எழுதினேன்.

சனிக்கிழமை மேற்பார்வையாளர் அம்மா ஸ்கூட்டரில் வீட்டுக்கே வந்துவிட்டார். அந்தக் கடிதத்தை எழுதியவரும் அவர்தான். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். சைக்கிளைச் சந்தில் நிறுத்தச் சொல்லித் தானே ஏறிச் சாய்ந்து, பின்பெட்டியைத் தொட முயன்றார். மைத்துனர் வண்டியைப் பிடித்திருக்காவிட்டால் அவரும் சாய்ந்திருப்பார்.

"இதுல எப்படிங்க வேலைக்குப் போறீங்க? எனக்குத் தூக்கந்தான் வருது."

இறங்கி அவரை உட்காரச் சொன்னார்.

"இப்ப ஏத்தத்துல போறீங்க, கண்ணு இருட்டுது. கண்ண மூடிக்கிட்டு சாப்பிட ஏதாவது எடுங்க. அஞ்சு எண்றதுக்குள்ள."

பழகிய கை தானாக வலது பக்கம் இறங்கியது. மேலே வந்தது ஒரு பதினேழாம் நம்பர் ஸ்பேனர்.

"இதத்தான் கடிச்சுத் திங்கப் போறீங்களா?"

வாசற்படியில் நின்ற என் மனைவி, "பல்லு கெட்டிதான் மேடம்" என்றாள். மேற்பார்வையாளருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"சாப்பாடு கைக்கு எட்டற பையில இருக்கறதா இருந்தா, லைன்லயே இருங்க, பட்டறைக்குப் போக வேணாம். கடுதாசிய நான் பாத்துக்கறேன்."

"அப்ப சாமான், மேடம்?"

"பின்னால."

"ரெண்டையும் பக்கத்துல வெக்க எடமில்ல. பதினேழு எடத்துலயும் குனியணும்."

"தெரியுது. அதுக்கு எங்கிட்ட வழி இல்லைங்க. முடியாதுன்னா சொல்லிடுங்க."

அவர் வண்டியிலேயே சாய்ந்து கிடந்தார். சந்தில் ஒரு ஆட்டோ ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டுப் பின்வாங்கிப் போயிற்று. பிறகு மெதுவாக எழுந்து வலது பையைக் கவிழ்த்தார். ஸ்பேனர், திருப்புளி, டெஸ்டர் என்று ஒவ்வொன்றாகக் குனிந்து குனிந்து பின்பெட்டியில் அடுக்கினார். என் மனைவி உதவிக்குப் போனாள். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

திங்கட்கிழமை ஐந்து நாற்பதுக்கு வர வேண்டியவர் ஏழு பத்துக்கு வந்தார். வந்ததும் கூடத்துத் தரையில் மல்லாந்து, காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டார்.

"சாப்டியாடா?"

"ஏறும்போதே சாப்டேன்க்கா. முட்டைய உரிச்சு வெச்சது நல்லதாப் போச்சு. ஒரு கையால உரிக்க முடியாது."

பணித்தாளை எடுத்துக்கொண்டு நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எத்தன மாப்ளே?"

"கட்டடமா, குனிஞ்சதா?"

"ரெண்டும்."

"பதினேழு" என்றார் கண்ணை மூடியபடி. "குனிஞ்சது பத்தொம்பது. ரெண்டு எடத்துல டெஸ்டரப் பெட்டியிலேயே விட்டுட்டு மேல போயிட்டேன்."