எல்லாம் நார்மல் என்று சொல்லப்பட்ட காசியம்மா

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் நான் பிசியோதெரபிஸ்டாக இருந்தபோது, ஒரு நாள் டாக்டர் கூப்பிட்டு, "நாள்பட்ட வலிக்காரங்களுக்கு வாரம் ஒரு வகுப்பு எடுங்கம்மா. கையில பிடிச்சு வைத்தியம் பாக்க வேணாம், விஷயத்தச் சொல்லுங்க போதும்" என்றார். முதுகெலும்பு, நரம்பு, தசை என்று படம் படமாக ஸ்லைடு தயார் செய்துகொண்டு போனேன்.

முதல் வகுப்பு

பெஞ்செல்லாம் ஆள். உளுந்தூர்பேட்டை லாரி டிரைவர் ஒருவர் உட்கார முடியாமல் சுவரில் சாய்ந்து நின்றார். இரண்டாவது ஸ்லைடிலேயே பின் பெஞ்சுப் பெண் ஒருவர் கை தூக்கினார். பெயர் காசியம்மா. வெள்ளிமலைக்கும் மேலே ஒரு ஊர். சாமையும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். சில வருஷமாகக் கழுத்திலிருந்து கால் வரை வலி.

"ரத்தம் பாத்தாங்க, ஸ்கேன் எடுத்தாங்க, எல்லாம் நார்மலுன்றாங்க. நார்மலுன்னா அப்ப வலிக்கிறது யாருக்கு மேடம்?"

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், ஆனால் பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ப்ரொஜெக்டரை அணைத்துவிட்டு, "உங்களுக்கெல்லாம் என்ன தெரியணும், மொதல்ல அதச் சொல்லுங்க" என்றேன். கேள்விகள் கொட்டின. இது கேன்சரா? என் பிள்ளைக்கும் வருமா? குடம் தூக்கினால் முதுகெலும்பு உடைந்துவிடுமா? லாரி டிரைவர் மெதுவாக, "படுத்த படுக்கை ஆயிடுவனா?" என்றார். என் ஸ்லைடுகளில் இதில் ஒன்றுக்குக்கூடப் பதில் இல்லை. ஒவ்வொன்றாகப் பேசினோம். மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டோம்.

காசியம்மாவுக்கு இருப்பது ஃபைப்ரோமயால்ஜியா என்று டாக்டர் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தார். அந்தப் பெயரைக்கூட யாரும் அவரிடம் சொல்லவில்லை; நான் சொன்னேன்.

"இதுக்குப் பேரெல்லாம் இருக்குதா?" என்றார்.

"இருக்கும்மா. நெறைய பேருக்கு இருக்கு. சில பைக்குல பூன ஏறுனாலே அலாரம் அடிக்கும் பாத்திருக்கீங்களா? திருடன் வரல, ஆனா சத்தம் நெசம். உங்க நரம்பு அப்படி. வலி நெசம். உள்ள எதுவும் ஒடையல."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "இத நா சொன்னா வூட்ல நம்ப மாட்டாங்க. வேலைக்குப் பயந்து நடிக்கிறேன்னு சொல்லிக்கினு இருக்காங்க. நீங்களே ஒரு வார்த்த சொல்லுங்க" என்றார்.

வெள்ளிமலையில்

அடுத்த மாதம் எங்கள் ஆஸ்பத்திரியின் மருத்துவ முகாம் வெள்ளிமலையில் நடந்தது. காசியம்மா தன் கணவர் ராமரை அழைத்து வந்தார். அவர் துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டே, பைக் அலாரம் உட்பட நான் சொன்ன எல்லாவற்றையும் கேட்டார்.

"அப்ப இவ பொய் சொல்லலன்றீங்க."

"சொல்லலைங்க."

ராமர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். மனைவியை ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். "சரி, நா இன்னா பண்ணணும்?"

வேலையைப் பிரித்துச் செய்வது, வலி ஏறுவதற்கு முன்பே ஓய்வெடுப்பது, நடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது, தூக்கம் கெடாமல் பார்ப்பது, வலி ஜாஸ்தியாகிற நாளில் பயப்படாமல் இருப்பது என்று இரண்டு பேரிடமும் சேர்த்தே சொன்னேன். "முழுசா போயிடும்னு சொல்ல மாட்டேன். ஆனா இதோட நல்லா வாழலாம்" என்றேன்.

"திருவிழாவுல ஆடலாமா?" என்று காசியம்மா கேட்டார். வலி வந்ததிலிருந்து அவர் ஆடவே இல்லையாம்.

"ஆடலாம். நடுநடுவுல ஒக்காந்துக்குங்க."

ராமர் அன்று சாயங்காலமே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். அதன்பின் வழியில் பார்ப்பவரெல்லாம், "இன்னா காசி, அலாரம் அடிக்குதா?" என்று விசாரித்தார்களாம். "பூன வந்துட்டுப் போச்சு" என்பாராம் இவர். நடிக்கிறாள் என்ற பேச்சு அதோடு நின்றது.

திருவிழா

காசியம்மாவின் ஊரிலிருந்து அழைப்பு வந்ததும் நானும் எங்கள் நர்ஸும் பஸ் ஏறினோம். மேளம் தொடங்க, பெண்கள் வட்டமாக நின்று ஆடினார்கள். காசியம்மா ஒரு சுற்று ஆடினார். ராமர் கூட்டத்திலிருந்து, "போதும், வந்து ஒக்காரு" என்று கூப்பிட்டார். அவர் வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்து, மறுபடி போனார். மூன்றாவது சுற்றில் என் கையையும் இழுத்துக்கொண்டார். எனக்கு ஒரு அடிகூட வரவில்லை. ஊரே சிரித்தது.

மறுநாள் போன் செய்து, வலி இருந்ததா என்று கேட்டேன்.

"இருந்துச்சு மேடம். நேத்து ஆடுனதுக்குன்னு தெரியும், அதனால பயமில்ல. வெந்நி வெச்சுக் குளிச்சுட்டு, மெதுவா நடந்துகினு இருக்கேன். சாயங்காலம் திரும்ப மேளம்."

புதிதாக வேலைக்கு வரும் பிசியோதெரபிஸ்டுகளுக்கு நான் சொல்வது இதுதான். நாள்பட்ட வலியோடு வருகிறவரிடம் முதலில், அவர் எதைத் தெரிந்துகொள்ள நினைக்கிறார் என்று கேளுங்கள். பதிலைச் சொல்லும்போது, வீட்டிலிருந்து கூட வந்தவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்.