எட்டாம் நாள், நான்கு மணிக் குறிப்பு

1958 ஆகஸ்ட் 9, சனிக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன், குளித்தேன், ஐந்தே முக்காலுக்குக் காபி, ஆறு மணிக்குக் கொல்லைக் கதவைத் திறந்து நாயைப் பார்த்துக் குறிப்பு எழுதினேன். பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறவன் நான். நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை. நடந்ததை மணிவாரியாகச் சொல்கிறேன்.

எங்களுக்குக் குழந்தை கிடையாது. பொம்மி என்று ஒரு சின்ன வெள்ளை நாய் இருந்தது. ஆடிப்பெருக்கன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் என் மனைவி செல்லம் அதன் வாலை மிதித்துவிட்டாள், அது அவள் கணுக்காலில் கடித்துவிட்டது. வலியில் கடித்ததா, வெறியில் கடித்ததா என்பதுதான் கேள்வி. டாக்டர் பத்து நாள் கட்டிப்போட்டுப் பார்க்கச் சொன்னார். நாய் நன்றாக இருந்தால் ஊசி வேண்டாம், அதற்குள் செத்தால் மறுநாளே வந்து வயிற்றில் பதினான்கு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், தாமதித்தால் பிழைக்க வழியில்லை என்றார்.

ஆபீசுக்கு லீவு போட்டேன். பின்னங்கால் தள்ளாட்டம், தாடை தொங்கல், எச்சில், குரல் மாற்றம், தண்ணீரைக் கண்டு மிரட்சி என்று டைரியில் ஐந்து கட்டம் போட்டு, மணிக்கொரு தரம் கொல்லை வாசற்படியில் நின்று பார்த்து எழுதினேன். பக்கத்தில் போகக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. தண்ணீர்க் கிண்ணத்தைக் கூடக் கம்பால்தான் தள்ளுவேன். அடுத்த வீட்டு ரஹீம் பாய்க்குச் சிரிப்பு. "என்ன சார், நாய்க்கு அட்டெண்டன்ஸ் எடுக்கிறீங்களா?" என்பார் சுவருக்கு மேலே தலையை நீட்டி.

ஏழு நாளும் ஒரு குறையும் இல்லை. எட்டாம் நாளும் அப்படித்தான். பகல் ஒரு மணிக்குக் கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பித் தள்ளினேன், பொம்மி படுத்திருந்தது. இரண்டு மணிக்கும் அப்படியே. மூன்று மணிக்கு எழுந்து நின்று தண்ணீர் குடித்தது, கால் தள்ளாடவில்லை. நான்கு மணிக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், வாலாட்டியது, தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. அப்படியே எழுதி உள்ளே வந்தேன்.

பத்து நிமிஷம் இருக்கும். துணி எடுக்கக் கொல்லைக்குப் போன செல்லம் கூப்பிட்டாள். குரல் சரியாக இல்லை.

"என்னங்க, இது விறைச்சுக் கிடக்குதுங்க."

இப்போதுதானே பார்த்தேன் என்று சொல்லிக்கொண்டே போனேன். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு தொட்டேன். கட்டை மாதிரி இருந்தது. கண்ணோரம் எறும்பு சாரி சாரியாகப் போய்க்கொண்டிருந்தது. கால் விறைத்து மடங்கவே இல்லை. ரஹீம் பாய் சுவரேறிப் பார்த்தார். அவர் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"சார், நான் லுஹர் தொழுகைக்குக் கிளம்புறப்பவே இது இப்படித்தான் கிடந்துச்சு. வாயில ஈ மொய்ச்சுது. தூங்குதுன்னு நினைச்சுட்டேன்."

லுஹர் என்றால் பகல் ஒரு மணிக்கு முன்னால். கிண்ணத்தைப் பார்த்தேன். இரண்டு விரற்கடைத் தண்ணீர் குறைந்திருந்தது. காக்கை குடித்திருக்கலாம் என்று பாய் சொன்னார். இருக்கலாம். வாலாட்டியது யார் என்று நான் அவரிடம் கேட்கவில்லை.

பாய் குழி வெட்டினார், புதைத்தோம். செல்லம் அழுதாள், ஊசிக்குப் பயந்தா, பொம்மிக்காகவா, எனக்குத் தெரியாது. என் கட்டங்களை நம்பி இன்னும் இரண்டு நாள் இருந்திருந்தால் என்ற நினைப்பில் நான் சாப்பிடவில்லை. பதினான்கு ஊசியும் போட்டு அவள் இன்று நலமாக இருக்கிறாள். ஆனால் டைரியில் அந்த நான்கு மணிப் பக்கத்தை நான் அடிக்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. திருப்பிப் பார்த்த அந்தக் கண்ணில் எறும்பு இல்லை, அது எனக்கு நிச்சயம்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக, காபிகூடக் குடிக்காமல், முதல் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஊசி அறை வாசலில் கம்பவுண்டர் பெயர், வயது, கடித்த தேதி எல்லாம் கேட்டு எழுதினார்.

"நாய் எப்ப செத்துச்சுங்க?"

டைரி என் கக்கத்தில் இருந்தது.

"தெரியலைங்க" என்றேன்.