பொரித்த ஈரல்

நான் ஐந்தாம் ஆண்டு படித்த காலத்தில் எங்கள் வீட்டுப் பிரிட்ஜின் ஐஸ் பெட்டிக்குள் மீன் ஈரல்கள் இருந்தன. சின்னச் சின்னப் போத்தல்களில் போட்டு, இலக்கம் ஒட்டி வைத்திருந்தவர் சாச்சி, உம்மாவின் தங்கை. பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்துவிட்டு, ஆராய்ச்சிக்காக எங்களோடு வந்து தங்கியிருந்தார். வயல் பக்கத்துக் குளங்களில் வளரும் மீன்களின் உடம்பில் ஈயம், கட்மியம் போன்ற உலோகங்கள் சேர்கின்றனவா என்று பார்ப்பதுதான் அவருடைய வேலை. இதை வீட்டில் எல்லோருக்கும் பலமுறை விளக்கியிருந்தார். ஒருவரும் முழுதாக நம்பவில்லை.

எப்படி நம்புவது? கல்முனையில் பிறந்த பெண், வாசலில் கடல் இருக்க, குளத்து மீனைத் தேடி ஸ்கூட்டியில் வயல் பாதையெல்லாம் அலைவானேன்? வாங்கிய மீனில் ஈரலையும் செவுளையும் எடுத்துக்கொண்டு, நல்ல சதையைப் பூனைக்குப் போடுவானேன்? இது யாருக்கோ வைக்கிற செய்வினை என்று பக்கத்து வீட்டு மாமி உம்மாவின் காதில் ஓதினார். உம்மா அப்படியெல்லாம் நம்புகிறவர் இல்லை. ஆனாலும் அதற்குப் பிறகு ஐஸ் பெட்டியைத் திறக்கும்போது பிஸ்மி கொஞ்சம் சத்தமாகவே கேட்டது. சாச்சி கழுவி வைத்த கத்தியை நான் திரும்பவும் கழுவினேன்.

ஒருநாள் சாச்சி ஒரு விரால் செதிலை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். வெட்டிய மரத்தில் தெரிவதுபோல வளையங்கள் தெரிந்தன. மீனின் வயதை அவற்றை வைத்து ஓரளவு சொல்லலாம் என்றார். விரால் சின்ன மீன்களைத் தின்று வளர்வது. வயது ஏற ஏற, வெளியே போகாத உலோகம் ஈரலில் தங்கிக்கொண்டே வரக்கூடும் என்றார்.

“அப்ப எங்கட குளத்து மீனில நஞ்சு இரிக்கா சாச்சி?”

“தெரியா மகள். கொழும்புக்கு அனுப்பியிரிக்கி. முடிவு வரட்டும்.”

இவ்வளவு படித்தவருக்குத் தெரியாமல் இருக்குமா? எதையோ மறைக்கிறார் என்று நான் முடிவுகட்டினேன்.

அந்த நேரத்தில்தான் மருதமுனையிலிருந்து சாச்சியைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை கணித ஆசிரியர். கூடவே அவருடைய உம்மாவும், நிறைமாதக் கர்ப்பிணியான தங்கையும். கடலோரத்து ஆட்களுக்குப் பாரை, சூரை என்று கடல் மீனையே போட்டால் என்ன மரியாதை என்று வாப்பா சொல்லி வைத்துப் பெரிய குளத்து விரால் ஒன்றை எடுப்பித்தார். சாச்சியின் கத்தி அதில் படக்கூடாது என்று உம்மா அதைக் கிணற்றடியில் ஒளித்து வைத்து, தானே அறுத்தார்.

ஆண்கள் முன் ஹோலில் சாப்பிட்டார்கள். உள்ளே பெண்களுக்கு உம்மா பரிமாறினார். ஈரலைத் தனியாகப் பொரித்திருந்தார். வயிற்றில் பிள்ளையோடு வந்தவர் என்று, அதை அப்படியே மாப்பிள்ளையின் தங்கையின் தட்டில் வைத்தார். அவர் கையில் எடுத்துவிட்டார்.

தண்ணீர்க் குவளையோடு வந்த சாச்சி நின்றார். குவளையைக் கீழே வைத்தார்.

“அத திண்ணாதீங்க தங்கச்சி.”

சொல்லிக்கொண்டே தட்டை இழுத்து எடுத்தார். மாப்பிள்ளையின் உம்மாதான் முதலில் வாய் திறந்தார்.

“மீனுக்கு என்ன? நீங்கதானே ஆக்கின?”

“மீனில பிழ இரிக்கெண்டு சொல்லல்ல. என்ன இரிக்கெண்டு எனக்கு இன்னும் தெரியா. புள்ளத்தாச்சிக்கு ஈரல் மட்டும் வேணாம்.”

“தெரியாமலா வாய்க்குப் போனத பறிச்ச?”

யாரும் அதற்கு மேல் சாப்பிடவில்லை. தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போனார்கள். இரண்டு நாளில், சரிவராது என்று சொல்லி அனுப்பினார்கள். கல்யாணம் வேண்டாமென்றால் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாமே என்று வாப்பா சாச்சியிடம் கத்தினார். திட்டம் போட்டுத்தான் செய்தாள் என்றார் உம்மா. எனக்கும் அப்படித்தான் பட்டது. சாச்சி அடுத்த நாளும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போனார்.

கொழும்பு முடிவுகள் அடுத்த வருடம் வந்தன. பெரிய விரால்களின் ஈரலில் கட்மியம் இருக்கக்கூடாத அளவுக்கு இருந்தது. சதையில் அவ்வளவு இல்லை. உம்மா பொரித்த ஈரலில் என்ன இருந்தது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. அதைப் பூனை தின்றுவிட்டது.

முடிவுகள் வருவதற்கு முன்பே, கைக்குழந்தையோடு மாப்பிள்ளையின் தங்கை ஒருநாள் தனியாக வந்தார். வேவு பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, கதவுக்குப் பின்னால் நின்று நானும் வேவு பார்த்தேன். பால் கொடுக்கும் நாளில் எந்த மீன் சாப்பிடலாம் என்று கேட்டார். சாச்சி சொன்னார். பிறகு வந்தவர் குரலைத் தாழ்த்தி, தன் அண்ணனைப் பற்றிக் கேட்டார்.

“ராத்தா, எங்கட காக்காவ உங்களுக்குப் புடிக்கல்லையா?”

“புடிச்சித்தான் இருந்த.”

“அப்ப நாங்க போன பொறகு சொல்லியிரிக்கலாமே. ஒரு துண்டு ஈரல்தானே.”

“நீங்க திண்டுட்டுப் போயிருப்பீங்களே.”

சாச்சி சொன்னது பச்சைப் பொய் என்று எனக்கு உடனே பட்டது. மாப்பிள்ளையைப் பிடித்திருந்தால் யாராவது அப்படிச் செய்வார்களா? கையும் களவுமாகப் பிடித்துவிட்ட பெருமையோடு குசினிக்கு ஓடி, கேட்டதை ஒரு சொல் விடாமல் உம்மாவிடம் சொன்னேன்.

உம்மா அகப்பையைக் கீழே வைத்தார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பொய் சொன்னவர் சாச்சி. அதற்கு உம்மா ஏன் அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.