கடலில் ஐந்து முறை

மலக்குடலில் வந்த புற்றுநோயை வெட்டி எடுத்த பிறகு, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை வெளிக்கு வரும், அடக்க முடியாது. ஊர் ஊராகத் திரிந்த நான் பஸ் ஏறப் பயந்து ஆறு மாதம் வீட்டிலேயே கிடந்தேன். புன்னைக்காயலில் மீன்பிடிக்கும் என் கூட்டாளி ஒருநாள் வந்தான்.

"ஏலே, கடலுக்கு வா. அங்கன எவன் கக்கூஸ் தேடுதான்?"

வள்ளத்தில் ஒருவன் பின்பக்க விளிம்பில் குத்தவைத்தால், மற்றவர்கள் பேசாமல் முன்பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அது அவர்கள் வழக்கம். அவனோடு கடலுக்குப் போன முதல் நாள் காலை நான் நான்கு முறை அங்கே போனேன். நான்கு முறையும் வலையை அப்படியே பிடித்துக்கொண்டு திரும்பி நின்றார்கள். ஐந்தாம் முறை எழுந்தபோது கூட்டாளி கத்தினான்.

"கழுத்து சுளுக்கிட்டுலே! நீ அங்கனயே இரு, சோத்தக் கொண்டாந்து தாரேன்."

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். கரையேறியதும், நாளைக்கும் இடம் உண்டா என்று கேட்டேன்.

"வரும்போது கழுத்துக்குத் தைலம் கொண்டா" என்றான்.