மாவு மில்லுக்குப் பக்கத்தில் பியானோ கடை

எங்கள் கடையில் இருந்தது ஒரே ஒரு பியானோதான். மற்றதெல்லாம் ஆர்மோனியம். ஆனாலும் விருத்தாசலத்தில் யாரைக் கேட்டாலும் அது பியானோ கடைதான். சுற்றுப்பட்ட ஊர்களில் பஜனை மடத்து ஆர்மோனியம் பழுதானாலும், மாதா கோயில் ஆர்கன் மூச்சு வாங்கினாலும் அப்பாவிடம்தான் வரும். சுருதி சேர்ப்பதில் அவருக்கு அப்படி ஒரு பெயர். அந்தப் பெயரை வைத்துத்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

அப்பா சுருதி சேர்க்கும்போது அம்மா பக்கத்திலேயே நின்று தலையை ஆட்டிக்கொண்டிருப்பாள். சில சமயம் மேலும் கீழும், சில சமயம் பக்கவாட்டில். சங்கீதத்தை ரசிக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

கடை அப்போது பழமலைநாதர் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. ஒரு சைக்கிள் மணி அடித்தால் நாலு வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள், அத்தனை அமைதி. நான் நாலாவது படித்த வருஷம், அந்த இடத்தை விட்டுவிட்டு ஸ்டேஷன் பக்கம் போகப்போவதாக அப்பா சொன்னார். புதுக் கடைக்கு ஒரு பக்கம் மாவு மில். இன்னொரு பக்கம் வெல்டிங் பட்டறை.

அம்மாவின் அண்ணன், எனக்கு மாமா, பீங்கான் கம்பெனியில் பேக்கிங் வேலை செய்தவர். பெரிய தொண்டை. பேசினால் தெருக்கோடி வரை கேட்கும்.

"ஏன் மாப்ள, மாவு மில்லுக்குப் பக்கத்துல பியானோ கடை வைக்கிற ஆள இப்பதான் பாக்குறேன். நீ சுருதி சேக்கப் போறியா, இல்ல மொளகாத்தூள் அரைக்கப் போறியா?"

"மில்லுக்கு வர்ற சனம் நம்ம கடையையும் பாக்கும் இல்ல?" என்றார் அப்பா.

எதற்கும் இரண்டு வார்த்தை சேர்த்தே பேசும் அம்மா அன்றைக்கு அண்ணனுக்குச் சோறு போட உள்ளே போய்விட்டாள்.

கடை மாற்றும் அன்றைக்கே ஒரு கான்வென்ட் பள்ளியிலிருந்து சிஸ்டர் ஒருவர் பியானோவைப் பார்க்க வருவதாக இருந்தது. பிடித்துப்போனால் பியானோவை எடுத்துக்கொள்வார்கள். அதோடு பள்ளியில் இருக்கும் ஆர்மோனியங்களை வருஷா வருஷம் சுருதி பார்க்கும் வேலையும் அப்பாவுக்கு வரும். அது கிடைத்துவிட்டால் அப்புறம் கவலையே இல்லை என்று அம்மா காலையிலேயே முழங்காலில் நின்று ஜெபம் செய்தாள்.

எனக்கு வேறு கவலை. சூளையில் மூக்கு போனதும் கை போனதுமாகக் கழித்துப்போட்ட பீங்கான் பொம்மைகளை மாமா அவ்வப்போது கொண்டுவந்து தருவார். பதினோரு பொம்மைகள் சேர்ந்திருந்தன. "அந்தக் குப்பைக்கு வண்டியில எடம் கெடையாது" என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

மாமா கம்பெனி டயர் வண்டியையும் இரண்டு ஆட்களையும் வைக்கோலையும் கொண்டுவந்தார். பீங்கானைக் கட்டுவது போலவே பியானோவையும் கட்டினார். கட்டும்போது எனக்கு ஒரு தொழில் ரகசியமும் சொன்னார். "மருமவனே, காலி எடம் இருந்தாதான் பொருள் ஒடையும். பொந்து கண்டா அடைச்சிடணும்."

பியானோவின் வயிற்றில் எவ்வளவு பெரிய பொந்து இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். கீழ்ப்பலகையை அப்பா கழற்றுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். எல்லோரும் மோர் குடிக்கப் போன நேரத்தில் பலகையைக் கழற்றி, பதினோரு பொம்மைகளையும் உள்ளே அடுக்கி, நடுவில் வைக்கோலைத் திணித்துப் பழையபடி மூடிவிட்டேன். பொம்மைகளும் வரும், பியானோவும் உடையாது. மாமா கேட்டால் மெச்சுவார் என்றுகூட நினைத்தேன்.

வண்டி ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தது. பியானோவை இறக்கி மூச்சு விடுவதற்குள் சிஸ்டர் வந்துவிட்டார். மில் ஓடிக்கொண்டிருந்தது. புதுக் கடையே கிடுகிடுவென்று ஆடியது. ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. எல்லோரும் கத்தினார்கள். அப்பா எல்லோரையும்விடச் சந்தோஷமாகக் கத்தினார். சந்துக் கடையில் ஆள் வந்தால் ஒதுங்கி நிற்கிறவர், இங்கே சிஸ்டரை அவரே கூப்பிட்டு உட்காரவைத்தார்.

அப்பா வாசிக்க ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்துக் கரண்டு போய்விட்டது.

மில் நின்றது. பட்டறையும் நின்றது. அந்த அமைதியில் பியானோவிலிருந்து ஜல் ஜல் என்று ஒரு சத்தம் வந்தது, மாட்டு வண்டி போவது போல. ஒவ்வொரு கட்டையை அழுத்தும்போதும் உள்ளே பொம்மைகள் கிணுகிணுத்தன. நான் மாமாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். மாமா திரும்பி என்னைப் பார்த்தார். சிஸ்டர் நெற்றியைச் சுருக்கினார்.

அப்பா மட்டும் வாசிப்பதை நிறுத்தவில்லை. முகமெல்லாம் சிரிப்பாக, "கேளுங்க சிஸ்டர்! தண்ணி மாதிரி எவ்ளோ சுத்தமா இருக்குது பாருங்க!" என்று கத்தினார். ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

அம்மா வேகமாக வந்து அப்பாவின் தோளில் கை வைத்தாள். அப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அவர் சிரிப்பு போய்விட்டது. அம்மா கீழே உட்கார்ந்து பலகையைக் கழற்றினாள். வைக்கோலோடு மூக்கறுந்த பொம்மைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"எங்க பையன் வேலைங்க. மன்னிச்சிக்குங்க" என்று சொல்லிவிட்டு, அம்மாவே முக்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டையாக அழுத்திக் காட்டினாள். வண்டியில் வந்ததில் இரண்டு கம்பிகள் சுருதி இறங்கியிருந்தன. அவற்றையும் முறுக்கினாள். அன்றைக்கு அப்பா பக்கத்தில் நின்றார். அவர் தலையை ஆட்டவில்லை.

சிஸ்டர் அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அம்மாவிடம் மெதுவாக, "பியானோவ எடுத்துக்கறோம். வருஷா வருஷம் பாக்க வரும்போது நீங்களும் கூட வந்துடுங்கம்மா" என்றார். அம்மாவை அவருக்குப் பிடித்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அன்றைக்கு எனக்கு அடி விழவில்லை. அவ்வளவு பெரிய சத்தத்தை அப்பா கேட்காதது போல நடித்தது என்னைக் காப்பாற்றத்தான் என்று முடிவு செய்துகொண்டேன். நன்றி சொல்லக் கூச்சமாக இருந்தது. எனக்கு அப்போதும் வாய் வராது, இப்போதும் வராது. இருந்ததில் நல்ல பொம்மையாக, ஒரு காது மட்டும் உடைந்த ஒன்றை எடுத்து அப்பாவின் மேசையில் வைத்தேன். அப்பா அதைக் கையில் எடுத்து, உடைந்த காதை விரலால் தடவிவிட்டு, என்னையே பார்த்தார். நான் சிரித்தேன்.

அதற்குள் கரண்டு வந்து மில் ஓட ஆரம்பித்துவிட்டது. எல்லோரும் மறுபடி கத்திப் பேசத் தொடங்கினார்கள்.